தேரை நினைத்து, சாரதியை மறந்து

2023ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் மும்பை மாநகரின் சாலைகளிலிருந்து ஒரு கார் சட்டப்படி விடைபெற்றது. கறுப்பு உடலும் மஞ்சள் கூரையுமாக அரை நூற்றாண்டுக்கும் மேல் அந்நகரத்து மக்களைச் சுமந்த பிரீமியர் பத்மினி அது. ஃபியட் 1100 என்ற இத்தாலிய வண்டியின் வழிவந்து, குர்லா தொழிற்சாலையில் உருவாகி, 1970களில் சித்தூர் அரசியின் பெயரைப் பெற்ற கார். டாக்சியாகப் பதிவான கடைசி பத்மினி, தார்டேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஏட்டில் 2003 அக்டோபர் 29 அன்று இடம்பெற்றது. மும்பையில் டாக்சிக்கு ஆயுள் 20 ஆண்டுகளே. நாள் கணக்கு பிசகாமல் அதன் காலம் முடிந்தது.

அன்று வருந்தியவர்கள் பலர். பத்மினியை ஓட்டிப் பிழைத்தவர்கள் மட்டுமல்ல. அதில் ஏறுவதை என்றோ விட்டுவிட்டவர்களும், ஏறிய நாட்களில் அதைக் குறை கூறியவர்களும்கூட வருந்தினார்கள். இங்கேதான் சிந்திக்க வேண்டிய ஒரு கேள்வி எழுகிறது. அந்த வருத்தம் உண்மையில் எதைக் குறித்தது?

கொல்கத்தாவின் மஞ்சள் அம்பாசடரை எடுத்துக்கொண்டால் கேள்வி இன்னும் தெளிவாகும். ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் உள்ள உத்தரபாரா, 1909 மே 30 அன்று அரவிந்தர் ஆற்றிய சொற்பொழிவால் நம் நாட்டின் ஆன்மிக வரலாற்றில் இடம்பெற்ற ஊர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலேயக் காரின் வடிவத்தைத் தழுவி 1957 முதல் அம்பாசடர் உருவானதும் அங்கேதான். 2014 மே மாதம் வரை அதன் உற்பத்தி தொடர்ந்தது. அமைச்சரும் மாவட்ட ஆட்சியரும் மருத்துவரும் வாடகைக் கார் ஓட்டியும் ஒரே வகைக் காரில் சென்ற காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது என்பதை இளைஞர்களுக்கு இன்று விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐம்பத்தேழு ஆண்டுகளில் அந்தக் காருக்குள் மாறாதது எது? பழைய பெட்ரோல் எஞ்சினோடு டீசல் எஞ்சின் வந்து சேர்ந்தது. பின்னர் ஜப்பானிய இசுசூ எஞ்சினும் வந்தது. முகப்பு மாறியது, விளக்குகள் மாறின. ஸ்டியரிங் தண்டில் இருந்த கியர்க் கோல் தரைக்கு இறங்கியது. சாலையில் ஓடிய ஒவ்வொரு டாக்சியிலும் மெக்கானிக்குகள் மாற்றாமல் விட்ட பாகம் குறைவு. 2025ஆம் ஆண்டிலோ, கொல்கத்தாவில் முற்றிலும் வேறு வகைப் புதிய கார்களுக்கு அதே மஞ்சள் வண்ணம் பூசி, மரபின் பெயரால் வாடகைக்கு விட்டார்கள். காரெல்லாம் போய் நிறம் மட்டும் எஞ்சியது!

மிலிந்த மன்னனும் நாகசேனரும் நடத்திய உரையாடலை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. தேரில் வந்ததாகச் சொன்ன மன்னனிடம் அந்தப் பௌத்தத் துறவி, தேர் என்பது அச்சா, சக்கரமா, நுகத்தடியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் தேர் அல்ல. இவையெல்லாம் கூடியபோது வழங்கும் பெயரே தேர் என்ற முடிவுக்கு மன்னனே வந்துசேர்ந்தான். இருக்கட்டும். பெயர் வெறும் வழக்கே என்று ஒப்புக்கொண்டவருக்கும் துக்கம் தீர்வதில்லையே. ஹௌரா நிலையத்து வாசலில் நிற்கும் முதியவர், தொலைவில் ஒரு பழைய அம்பாசடரைக் கண்டதும் சற்று நின்றுவிடுகிறார். பாகங்களின் கூட்டம் என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை.

நியாய தரிசனம் இதில் வேறொரு வெளிச்சம் தருகிறது. நினைவு என்பது முன்பு அனுபவித்ததன் சம்ஸ்காரத்திலிருந்து பிறப்பது. எனவே ஏற்கெனவே அறிந்ததைத்தான் அது திருப்பித் தர முடியும், புதிய அறிவைத் தராது என்பது நையாயிகர்களின் கொள்கை. அந்த முதியவரை இக்கொள்கையின் முன் நிறுத்திப் பார்க்கலாம். இளமையில் அவர் கார் வேண்டிப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர். லைசென்ஸ் முறை நிலவிய அக்காலத்தில் வாங்குபவருக்குத் தெரிவு இல்லை. உற்பத்தியாளருக்கு அவசரமும் இல்லை. வந்த கார் மழைக்கு ஒழுகியது, மேட்டில் திணறியது. அவர் சலித்துக்கொண்டார். இன்று அதே காரை நினைத்து, 'அது ஒரு நல்ல காலம்' என்கிறார். அன்று அனுபவத்தில் இல்லாத இனிமை இன்று நினைவில் எங்கிருந்து வந்தது? நையாயிகரின் அளவுகோலில் இது நினைவே அல்ல. நினைவின் உடையில் வந்த வேறொன்று.

அது என்ன என்பதற்கு உபநிடதத்தில் விடை இருக்கிறது. கணவனோ மனைவியோ செல்வமோ அவற்றின் பொருட்டு அன்புக்கு உரியவை ஆவதில்லை. ஆத்மாவின் பொருட்டே எல்லாம் பிரியமாகின்றன என்று யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்கு உரைத்தார். அந்தக் காரின் பின்னிருக்கையில் முதியவருடைய தாய் அமர்ந்திருந்தாள். மருத்துவமனையிலிருந்து முதல் குழந்தை அதில்தான் வீடு வந்தது. மூவர் அமரும் இடத்தில் ஐவர் நெருங்கி உட்கார்ந்து தட்சிணேசுவரம் சென்ற நாள் ஒன்றும் இருந்தது. அவர் தேடுவது காரை அல்ல; அதற்குள் இருந்த தம்மை. இதை எள்ளி நகையாடுவது கருணையற்ற செயல். வீட்டுத் திண்ணையும் பழைய கடிகாரமும் கைப்பெட்டியும் எல்லோருக்கும் இப்படித்தான் பிரியமாகின்றன.

ஆனால் இந்தப் பிரியம் குற்றமற்றதா? பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. பழங்காலத்தை எண்ணி உருகும் மனம் எப்போதும் பின்னிருக்கையில் அமர்ந்தே உருகுகிறது. அகன்ற இருக்கையையும், தலை இடிக்காத உயரத்தையும், கண்ணாடி வழியே வந்த காற்றையும் அது நினைவுகூர்கிறது. முன்னிருக்கையில் ஒருவர் இருந்தார். எஞ்சினின் வெப்பம் அவர் கால்களில் இறங்கியது. பவர் ஸ்டியரிங் இல்லாத அந்த வண்டியை வடகொல்கத்தாவின் சந்துகளில் திருப்பித் திருப்பி அவருடைய தோள்கள் ஓய்ந்தன. பீகார் கிராமம் ஒன்றில் குடும்பத்தை விட்டு வந்து, இரவில் அதே காரில் கால்களை மடக்கித் தூங்கி, மாதம் ஒருமுறை பணம் அனுப்பியவர் அவர். பயணிகள் பலருக்கு அவர் முகம் நினைவில்லை; முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்த இரு கண்கள் மட்டுமே நினைவிருக்கக் கூடும். நினைவு இவ்வளவு விரிவாக எழுதும்போது இவரை மட்டும் விட்டுவிடுவது தற்செயல் அல்ல. இவர் உள்ளே வந்தால் இனிமை குறையும்.

அந்த வண்டி விட்ட புகையும் இப்படி விடுபட்ட ஒன்றே. 2008இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், 15 ஆண்டுகளைக் கடந்த வணிக வாகனங்களைப் பெருநகரப் பகுதியிலிருந்து விலக்க ஆணையிட்டது நகரின் காற்றைக் காக்கவே. அந்த வரம்பின்படி கணக்கிட்டால் கடைசி அம்பாசடருக்கும் 2029 அளவில் காலம் முடிந்துவிடும். அந்தப் புகையை மிகுதியாகச் சுவாசித்தவர்கள் யார்? நாள் முழுதும் சாலையிலேயே இருந்த ஓட்டுநர்களும், நடைபாதையில் வாழ்ந்தவர்களும். வண்டி ஒழிந்ததில் இவர்களுக்கு நிம்மதி இருந்தால், அதைக் கேட்டறியும் பொறுமை வருந்துகிறவருக்கு வேண்டும். இன்னொரு பக்கமும் உண்டு. வாங்கிய கடன் தீருமுன் காலக்கெடு வந்துவிட்ட ஓட்டுநருக்கு அதே ஆணை இடியாக இறங்கியது. அவருடைய துக்கமும் பின்னிருக்கைப் பயணியின் ஏக்கமும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. ஆனால் அவை ஒன்றல்ல. ஒருவருக்கு இழப்பு நேற்றில் இருக்கிறது. மற்றவருக்கு நாளைய உணவில்.

பற்று இரண்டு விதமாக மனிதனை ஏமாற்றும். இருப்பதை விடாதே என்று பிடிக்கச் சொல்வது ஒரு விதம். இதை எல்லோரும் அறிவர், நூல்களும் எச்சரிக்கின்றன. போனதை அழகாக்கிக் காட்டி, அதில் பிறர் பட்டதை மறைப்பது மற்றொரு விதம். இது அன்பின் வடிவில் வருவதால் ஐயப்படத் தோன்றாது. துறவு என்றால் நினைவைத் துடைத்துவிடுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. நினைவில் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட இடத்தைச் சற்று விட்டுக்கொடுத்தாலே அந்த முதியவருக்கு முன்னிருக்கை தெரியத் தொடங்கும். அவருடைய தாயும் அங்கிருந்து அகன்றுவிட மாட்டாள்.

பத்மினி ஒன்றையாவது அருங்காட்சியகத்தில் காக்க வேண்டும் என்று மும்பை டாக்சி ஓட்டுநர்களின் சங்கம் கேட்டுக்கொண்டது. பயணிகளின் கோரிக்கையைவிட அதற்கு எடை அதிகம். அந்த வண்டியின் சிரமத்தை ஒன்றுவிடாமல் அறிந்த பிறகும் கேட்டவர்கள் அவர்கள். அப்படி ஒரு கார் வைக்கப்பட்டால், பின்கதவை மட்டும் திறந்து காட்டாமல் ஓட்டுநரின் இருக்கையில் சிறிது நேரம் அமரவும் குழந்தைகளை அனுமதிப்பது நல்லது.

உத்தரபாரா தொழிற்சாலை 2014 மே 24 அன்று நிறுத்தப்பட்டபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழந்து நின்றனர். அம்பாசடர் என்ற பெயரை 2017இல் ஒரு பிரெஞ்சு நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கு ஒரு விலை இருந்தது. ஹௌராவிலிருந்து பண்டேல் செல்லும் மின்ரயில் லிலுவா, பேலூர், பாலி, உத்தரபாரா நிலையங்களைக் கடந்ததும் அடுத்து நிற்கும் நிலையத்தின் பெயர் ஹிந்த் மோட்டார். அந்தத் தொழிற்சாலைக்காகவே ஏற்பட்ட பெயர் அது. சங்கு ஊதும் நேரத்துக்காக ஒருகாலத்தில் விரைந்து இறங்கிய கூட்டம் இப்போது இல்லை. ரயில் மட்டும் வழக்கம்போல் அங்கே நிற்கிறது. சிலர் இறங்கி வீட்டுக்கு நடக்கிறார்கள்.