ஒத்திகையும் உண்மையும்

வரவிருக்கும் இடரை முன்னரே நடித்துப் பார்த்தல் அறிவுடையோர் செயலாகக் கருதப்படுகிறது. இயற்கை வாயுவைக் குழாய்வழியாகக் கொண்டுசெல்லும் நிறுவனங்களும் அவசரகால ஒத்திகைகளை நடத்துகின்றன. அவற்றுட் சில மேசையைச் சுற்றியமர்ந்து உரையாடுவதோடு அமைவன. வேறு சில பணியாளரையும் தீயணைப்புப் படையினரையும் களத்தில் இறக்குவன. முடிவில் மதிப்பீட்டாளர் அறிக்கை எழுதுகிறார். அவ்வறிக்கை வெறும் தொழினுட்ப ஆவணமா, அன்றி அறப்பொறுப்புடைய கூற்றா என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

2010 செப்டெம்பர் 9 ஆம் திகதி மாலை, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சான் புரூனோ நகரில், 1956 இல் பதிக்கப்பட்ட 30 அங்குல விட்டமுடைய வாயுக் குழாய் வெடித்தது. எட்டுப் பேர் மாண்டனர். 38 வீடுகள் அழிந்தன. வாயுவின் ஓட்டத்தை நிறுத்துவதற்கு 95 நிமிடங்கள் சென்றன. இவ்விபத்தை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2011 இல் தன் முடிவுகளை வெளியிட்டது. தொலைவிலிருந்து இயக்கத்தக்க வால்வுகளோ, தாமாக மூடிக்கொள்ளும் வால்வுகளோ அவ்விடத்தில் இருக்கவில்லை. பேரிடரின்போது ஒருவர் தலைமையில் இயங்குவதற்கான கட்டளை ஒழுங்கும் தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கவில்லை. அக்குழாய் அவ்வழியே செல்வதைக்கூட நகரத் தீயணைப்புப் படையினர் அறிந்திருக்கவில்லை.

இக்குறைகள் எவருடைய கோழைத்தனத்தாலும் விளைந்தவையல்ல; ஏற்பாட்டினுள் மறைந்திருந்தவை. மறைந்திருப்பதை வெளிக்கொணர்வதே ஒத்திகையின் பயன். ஆயினும் மேசை ஒத்திகையில் ஒருவர் “வால்வு மூடப்பட்டது” என்று கூறினால் வால்வு மூடப்பட்டதாகவே கொள்ளப்படும். மாலை நேர வாகன நெரிசலைக் கடந்து அங்கே செல்பவர் யார், திறப்பு எவரிடம் உள்ளது, மூடும்படி கட்டளையிடும் உரிமை யாருக்குரியது என்ற வினாக்கள் அச்சொல்லில் மறைந்துவிடுகின்றன. “தொடர்பாடல் நன்று, ஒத்துழைப்பு நன்று” என மதிப்பீட்டாளர் குறிக்கிறார். அவர் எழுதிய வாக்கியங்களுள் ஒன்றேனும் பொய்யன்று. அறிக்கை முழுவதுமோ பொய்யாகிவிடுகிறது. பொய்யர் எவருமின்றியே பொய் பிறக்கும் விந்தை இது.

ஒத்திகையின் நோக்கம் பணியாளருக்கு நம்பிக்கை ஊட்டுவதே என்றும், குறை கூறினால் அவர்கள் அடுத்தமுறை குறைகளை மறைப்பர் என்றும் சிலர் வாதிடுவர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. தண்டனைக்கு அஞ்சுபவனிடம் உண்மையை எதிர்பார்த்தல் கடினம். ஆனால் இதிலிருந்து பெறப்படுவது குறையை மறைக்கவேண்டும் என்பதன்று; ஆளின் தவற்றையும் ஏற்பாட்டின் தவற்றையும் வேறுபடுத்தி உரைக்கவேண்டும் என்பதே. மேலும், இங்கே நம்பிக்கை பணியாளருக்கு மட்டும் உரியதன்று. குழாயின் அருகே உறங்குவோர் ஒத்திகைக்கு அழைக்கப்படுவதில்லை, அறிக்கையைப் படிப்பதுமில்லை. எனினும் அந்நம்பிக்கைக்கு உயிரைப் பணயமாக வைத்திருப்போர் அவர்களே. மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்ற மெய்யியலாளர் கான்றின் கொள்கை இங்கே நேரடியாகப் பொருந்துகிறது.

அளவுகோல்களை வகுத்துவிட்டால் இவ்விடர்ப்பாடு நீங்குமா? 2022 இல் ஐக்கிய அமெரிக்காவில் விதிக்கப்பட்ட ஒழுங்கின்படி, புதிதாகப் பதிக்கப்படும் பெரிய குழாய்களில், உடைவு இனங்காணப்பட்டதிலிருந்து 30 நிமிடங்களுக்குள் வால்வுகள் மூடப்படவேண்டும். நல்ல விதியே. ஆனால் உடைவு இனங்காணப்பட்ட பின்னரே அக்கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அழுத்தம் குறைவதைக் கண்டும் ஐயுறும் நேரத்தை, மேலதிகாரியின் சொல்லுக்காகக் காத்திருக்கும் நேரத்தை அது அளப்பதில்லை. அந்நேரத்தை அளக்கவேண்டியது மதிப்பீட்டாளரின் மனச்சாட்சியே. சென்ற ஒத்திகையிற் கண்ட குறை திருத்தப்பட்டதா என்று வினவவேண்டியதும் அதுவே.

இவ்வாறு வினவுபவர் பெரும்பாலும் அதே நிறுவனத்திடம் ஊதியம் பெறுபவர் என்பது சிக்கலை மேலும் ஆழமாக்குகிறது. இடித்துரைப்போரின் இன்றியமையாமையை வள்ளுவர் அரசனுக்கு வற்புறுத்தினார். இக்காலத்து நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். ஆனால் இடித்துரைப்பவரின் தொழிலுக்குப் பாதுகாப்பளிக்காத நிறுவனம், அவரை நியமித்ததனால் மட்டும் அறத்தை நிறைவேற்றியதாகாது.

ஒத்திகையில் வெளிப்படும் தோல்வி எவரையும் எரிப்பதில்லை. அத்தோல்வியை வெற்றி என எழுதிவைப்பவர், அதனை உண்மையான தீ மூளும் நாளுக்கு ஒத்திவைக்கிறார். அதன் விலையைத் தாம் செலுத்தாது பிறர் மேற் சுமத்துகிறார். ஆதலின் மதிப்பீடு, தொழினுட்பமாவதற்கு முன்னரே ஓர் அறச்செயலாகும்.