போதும் என்னும் சொல்

பல்லாண்டுகளுக்கு முன், திருச்சிராப்பள்ளிக் கல்லூரி ஒன்றில் அடியேன் பொருளாதாரம் கற்பித்து வந்த காலத்தில், மார்கழி மாதத்து வகுப்பொன்றில் மாணவர் ஒருவர் எழுந்து நின்று ஐயம் ஒன்று எழுப்பினார். அன்றைய பாடம் ‘குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி’.

“ஐயா, ஒரு பொருளை மேன்மேலும் நுகர நுகர, அடுத்த அலகு தரும் பயன் குறைந்துகொண்டே போகும் என்கிறீர்கள். என் பாட்டி நாற்பது ஆண்டுகளாக வைகுண்ட ஏகாதசிக்குத் திருவரங்கம் வருகிறார். அவருக்கு மட்டும் ஏன் குறையவில்லை?”

வகுப்பு நகைத்தது. அடியேனும் உடன் நகைத்து, “விதி என்றால் விலக்கும் உண்டு” என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அவ்விடை பிழையானது. விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அன்பர்கள் கேட்டபோது, அப்பிழையைத் திருத்திக்கொள்ள இதுவே தக்க இடம் எனத் தோன்றிற்று.

விதியை விளங்கிக்கொள்ள நூற்பயிற்சி வேண்டுவதில்லை. கோடை வெயிலில் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து நடந்தே வரும் சேவார்த்தி ஒருவர், வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலைக் காண்கிறார். முதற் குவளை மோர் அவருக்கு உயிர் தருகிறது. இரண்டாவது இனிக்கிறது. மூன்றாவதைப் பாதியில் வைத்துவிடுகிறார். நான்காவதை வற்புறுத்தி ஊற்றினால் அது உபசாரம் ஆகாது, தண்டனையாகும். இவ்வளவே விதி. இதை முறைப்படுத்தி எழுதியவர் ஜெர்மானியரான கோசன். 1854-இல் அவர் வெளியிட்ட நூல் விலைபோகவில்லை. மனம் நொந்து, எஞ்சிய படிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், 1858-இல் மறைந்தார். 1870-களில் ஜெவன்ஸ், மெங்கர், வால்ரா ஆகிய மூவர் தனித்தனியே இக்கருத்தை மீண்டும் கண்டடைந்த பின்னரே உலகம் செவி சாய்த்தது.

அவர்கள் அவிழ்த்த பழைய முடிச்சு ஒன்றுண்டு. நீரினும் பயனுடையது யாது? எனினும் அதற்கு விலை இல்லை. வைரத்தால் வாழ்வுக்கு ஆவது யாது? எனினும் அதற்குப் பெருவிலை. 1776-இல் ஆடம் ஸ்மித் எழுதிய புதிர் இது. இதனை நம் ஊரிலிருந்தே காணலாம். ரஷ்ய நாட்டுக் கிரெம்ளினில், பேரரசி கேத்தரீனின் செங்கோலில் பதிந்துள்ள ஓர்லோவ் வைரம் ஏறக்குறைய 190 காரட் எடையுள்ளது. திருவரங்கத்துத் திருமேனி ஒன்றின் கண்ணிலிருந்து பிரெஞ்சுப் படைவீரன் ஒருவன் களவாடியதே அது என்றொரு கதை மேனாட்டு நூல்களில் வழங்குகிறது. கதையின் மெய்ம்மையை ஆராய இது இடமன்று. ஆனால் அவ்வைரம் புறப்பட்டதாகச் சொல்லப்படும் இத்தீவு, காவிரியும் கொள்ளிடமும் தழுவிக் கிடப்பது. இங்கே ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் நிற்பவருக்கு இன்னும் ஒரு குடம் நீர் எதற்கு? விலையை நிறுவுவது நீரின் மொத்தப் பயன் அன்று, கடைசிக் குடத்தின் பயனே. ஆறு மணலாகக் கிடக்கும் வைகாசியில் அதே குடத்துக்கு மதிப்பு ஏறிவிடுகிறது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திலோ ஒவ்வொரு குடமும் இன்மையினும் கொடியதாயிற்று.

இனிச் செலவைப் பார்ப்போம். ஐந்நூறு ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு வரும் மூதாட்டி ஒருவர், தெற்கு வாசற் கடைகளுக்கிடையே நடக்கிறார். துளசி மாலை, பேரனுக்கு ஒரு பொம்மை, மருமகளுக்கு வளையல், திரும்பிச் செல்லப் பேருந்துக் கட்டணம் என்று எல்லாமே அந்த ஒரு முடிச்சுக்குள்தான் அடங்க வேண்டும். எந்தப் பொருளில் இட்ட கடைசி ரூபாயும் ஏறத்தாழ ஒத்த நிறைவைத் தருமாறு பங்கிடுபவரே சிறந்த நுகர்வோர் என்பது கோசனின் இரண்டாம் விதி. தேநீருக்குப் பத்து ரூபாய் தர மனமின்றிப் பசியோடு நடக்கும் அவர், மறுகணமே வளையலுக்கு அறுபது ரூபாய் எண்ணிக் கொடுப்பதைக் கண்டு நகைப்பவர் உளர். அடியேன் நகையேன். மருமகளின் முகத்தில் அன்றிரவு காணப்போகும் மலர்ச்சியை அவர் தராசில் வைத்திருக்கிறார், நகைப்பவர் வைக்கவில்லை. (முதற் கடையிலேயே முடிச்சை அவிழ்த்துவிட்டுப் பிறகு வருந்துவோர், பெரும்பாலும் நம்மைப் போன்ற படித்தவர்களே.)

பணத்துக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை 1738-இலேயே பெர்னூலி என்னும் கணித அறிஞர் உரைத்தார். செல்வரின் கைப்பொருளில் சேரும் ரூபாயும் வறியவரின் கைப்பொருளில் சேரும் ரூபாயும் ஒன்றல்ல. அப்படியாயின் இல்லாதார்க்கு ஈவதால் உலகில் நிறைவு பெருகும் என்று முடிவு கட்டலாமா? கூடாது என்றார் இலண்டன் பேராசிரியர் ராபின்ஸ், 1932-இல். ஒருவர் மனநிறைவை இன்னொருவர் மனநிறைவோடு ஒப்பிட்டு அளக்க அறிவியலில் வழி இல்லை என்பது அவர் வாதம். தருக்கத்தில் குறை காண இயலாது. ஆனால் 2012 முதல் நம் திருக்கோயிலில் நாள் முழுதும் நடைபெறும் அன்னதானப் பந்தியில் அமர்ந்து பார்த்தால், அத்தருக்கம் நிற்பதில்லை. இலையில் முதற்பிடி சோறு விழும்போது பசித்தவர் கண்ணில் தெரிவதை அளக்கக் கருவி வேண்டுமா? பந்தியின் முடிவில் அவரே இலைமேல் கையை மறித்து, “போதும்” என்கிறார். பொன்னையோ மண்ணையோ நிலத்தையோ வாங்கிக்கொள்பவர் வாயில் எளிதில் வராத சொல் அது. சோறு வயிற்றோடு நிற்கிறது; பணமோ இன்னும் பிறவாத ஆசைகளுக்கும் சாவியாகிவிடுகிறது. அதன் கடைசி ரூபாயும் ஏதோ ஒரு புதுப் பசியின் முதற்பிடியாக மாறி நிற்பதால், குறைந்து செல்வது நம் உணர்வுக்கு எட்டுவதில்லை.

மாணவரின் பாட்டிக்கு வருவோம். அவர் விலக்கு அல்லர். 1890-இல் வெளிவந்த தம் நூலில் மார்ஷல் இவ்விதிக்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறார். நுகர்பவரின் இயல்பும் சுவையும் மாறுவதற்குக் காலம் கொடுக்கப்படவில்லை என்பதே விதியின் அடிப்படை. நல்லிசையைக் கேட்கக் கேட்க விருப்பம் வளர்வது விதிக்கு முரணன்று. ஏனெனில் கேட்பவர் வேறு ஒருவராகிவிடுகிறார் என்பது அவர் விளக்கம். பாடம் நடத்திய நாளில் அப்பகுதி அடியேனுக்கு நினைவில் எழவில்லை.

பகல்பத்தில் அர்ச்சுன மண்டபத்திலும், இராப்பத்தில் ஆயிரங்கால் மண்டபத்தைச் சார்ந்த திருமாமணி மண்டபத்திலும் ஒவ்வோர் ஆண்டும் ஒலிப்பது அதே திவ்வியப் பிரபந்தம்தான். ஒரு பாசுரமும் புதிதன்று. மணமகளாய் வந்து கேட்டவர், பிள்ளையை இழந்த ஆண்டில் வந்து கேட்டார், கணவர் மறைந்த பின் தனியே வந்து கேட்டார். நாற்பது முறை ஒருவரே வரவில்லை. குடந்தைப் பெருமானுக்கு ‘ஆராவமுதன்’ என்று திருநாமம் வழங்குகிறது. ஆரா என்பது உண்டு அமையாத, தெவிட்டாத என்று பொருள்படும். அமையாமை அமுதின் இயல்பா, உண்பவர் வளர்வதாலா என்பதைப் பொருளியல் சொல்லாது. உரையாசிரியர்களைத்தான் கேட்க வேண்டும்.

அந்த மாணவர் இப்போது எங்கிருக்கிறார் என்று அடியேன் அறியேன். பாட்டியைப் பின்தொடர்ந்து அவரும் இவ்வாண்டு பரமபதவாசல் வரிசையில் நிற்கக்கூடும்.