எனக்குப் பின் இவன் எங்கே?

ஞாயிறு பூசையில் கடைசி வரிசையைக் கவனித்திருப்பீர்கள். எழுபது வயதுத் தாயார். அருகில் நாற்பது வயது மகன், அறிவு வளர்ச்சி குன்றியவன். அவள் முழந்தாளிட்டு மன்றாடுவது என்ன? மகன் போன மறுநாள் தான் போகவேண்டும் என்பதே. அது பாவமென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அப்படி மன்றாடும் நிலைக்கு ஒரு தாய் வந்ததில் நமக்குள்ள பங்கு என்ன என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

துக்க வீட்டில் உறவினர் கூடிப் பேசுவதைக் கேளுங்கள். “இவனை எங்கே வைப்பது?” என்பார்கள். வைப்பது பண்டபாத்திரத்தை, மனிதன் அல்லவோ இருக்கிறான்! அண்ணன் வீடோ, கன்னியர் நடத்தும் இல்லமோ, மூன்றாம் நாளே முடிவாகிவிடும். அவன் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பான். அவனை ஒருவரும் கேட்பதில்லை. தாயோடு கூடப் படுத்த பாயும், பழகின தெருவும், கோவில் மணியோசையும் அவனுக்கு ஒருமிக்கப் போய்விடுகின்றன. இல்லத்தில் சேர்ப்பது தப்பிதமென்று நான் சொல்லவில்லை. அண்ணன் வீட்டு மூலையில் வேண்டாதவனாய்க் கிடப்பதைவிட நல்ல இல்லம் எவ்வளவோ மேல். அவனைக் கேளாமல் கொண்டுபோவதுதான் அநீதி.

“அவனுக்கு என்ன தெரியும்?” என்பீர்கள். பத்திரமும் பாகப்பிரிவினையும் தெரியாதுதான். எந்த வீட்டில் சோறு இறங்குகிறது, எந்த வாசலில் கால் பின்வாங்குகிறது என்பது அவனுக்குத் தெரியும். வாய் பேசாவிட்டாலும் முகம் பேசும். எரிக்கோ வழியில் கூப்பிட்ட குருடனுக்கு வேண்டியது இன்னதென்று நமதாண்டவர் அறியாதவரா? ஆயினும் அவனையே கேட்டார். 2006-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்று, 2007-ல் இந்தியாவும் ஒப்புக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ம் பிரிவு, எங்கே, யாரோடு வாழ்வதென்று தெரிவுசெய்யும் உரிமை மற்றவர்களைப் போலவே இவர்களுக்கும் உண்டென்கிறது.

பெல்ஜியம் தேசத்தில் கேல் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள அர்ச். டிம்ப்னாள் கோவிலுக்குச் சித்தங் கலங்கினவர்களையும் அறிவு குன்றினவர்களையும் யாத்திரையாக அழைத்துவந்தார்கள். கோவிலை அடுத்த விடுதியில் இடம் போதாமற்போகவே, ஊரார் தங்கள் வீடுகளில் ஏற்றுக்கொண்டார்கள். நூற்றாண்டுகள் பல சென்றும் அவ்வழக்கம் நிற்கவில்லை. 1930-களின் முடிவில் இவ்விதம் குடும்பங்களோடு வாழ்ந்தவர்கள் 3,000-க்கும் அதிகம். இன்று தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஊரார் அனைவரும் அர்ச்சியசிஷ்டவர்கள் என்று எண்ணவேண்டாம். பராமரிப்புக்குப் பணம் உண்டு. முன்னாளில் வயல்வேலைக்கு ஆளும் கிடைத்தது. இருந்தாலும் அங்கே வந்தவர் மேசையில் உட்கார்ந்தார், வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கமானார், தெருவில் தனியாக நடந்தார்.

நம் நாட்டில் நாலைந்து பேர் ஒரு துணையாளோடு சாதாரணத் தெருவில் வீடெடுத்து வாழும் ஏற்பாடுகளும் வந்திருக்கின்றன. எங்கும் இல்லை, போதவும் போதாது. பங்கில் பூட்டிக்கிடக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு இந்த நினைவு வருகிறது.

பெற்றோர் அறியவேண்டியது இன்னொன்று. பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் நீங்கள் தாமாகவே சட்டப்படி காப்பாளர் ஆவதில்லை. 1999-ம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உட்கொண்ட உள்ளூர்க் குழுவுக்கு மனுச்செய்ய வேண்டும். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தாய்மாரே, நடமாட்டம் உள்ளபோதே இரண்டு மூன்று இடங்களுக்கு அவனை அழைத்துப் போங்கள். ஓரிரு இரவு தங்கட்டும். அவனுடைய பாயையும் தலையணையையும் கூடவே கொடுத்தனுப்புங்கள். விடிந்ததும் போய் முகத்தைப் பாருங்கள்.