கடனும் நாணயமும்

கடன் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் கடன். மனிதன் ஆற்றியே தீரவேண்டிய கடமையும் கடன். நாணயம் என்ற சொல்லும் அவ்வாறே காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கின்றது. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது மானத்தோடு பிணைந்தது என்று கருதிய ஒரு சமுதாயத்தின் மனப்பாங்கு இச் சொற்களிலே படிந்திருக்கின்றது. அம் மனப்பாங்கைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயின், ஏழையின் அந்த மானவுணர்ச்சியையே முதலாகக் கொண்டு ஒருவர் வியாபாரம் நடத்துவாராயின் அறம் யார் பக்கம் நிற்கும்? இக் கேள்வியை ஒரு வகுப்பறை எம் முன் கொணர்ந்து நிறுத்தியது.

நாம் கற்பிக்கும் கிராமப் பாடசாலையில் ஒரு மாணவி செவ்வாய்க்கிழமைதோறும் வருவதில்லை. இடாப்பைக் காட்டி அவளைக் கண்டித்தோம். எழும்பி நிற்கும்படி தண்டித்தோம். அவள் வாய் திறக்கவில்லை. காரணம் பின்னரே தெரிய வந்தது. செவ்வாய்க்கிழமை நுண்கடன் வசூலிக்க வரும் நாள். கட்ட வழியற்ற தாய் விடியுமுன்னரே வீட்டை விட்டுப் போய்விடுவாள். மோட்டார்ச் சைக்கிள் படலையடியில் வந்து நிற்கும்போது, “அம்மா இல்லை, எங்கே போனா என்று தெரியாது” என்று சொல்வதற்காக மகள் வீட்டில் நிறுத்தப்படுகின்றாள். திங்கட்கிழமை நாம் அவளுக்கு வாய்மை அதிகாரத்தைப் படிப்பித்தோம். செவ்வாய்க்கிழமை அவள் பொய்சொல்ல நின்றாள். புதன்கிழமை அதற்காக நாமே அவளைத் தண்டித்தோம். அச் சிறுமியின் பொய்க்கு யார் பொறுப்பாளி?

“அவர்களை யாரும் வற்புறுத்திக் கடன் கொடுக்கவில்லையே, விரும்பித்தானே கையொப்பம் வைத்தார்கள்?” என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானது போலத் தோன்றுகின்றது. எனவே, அந்தக் கையொப்பம் எத்தகையது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

50,000 ரூபா கடன். ஐம்பது கிழமைகளில் கிழமைக்கு 1,240 ரூபா வீதம் கட்டித் தீர்க்க வேண்டும். மொத்தம் 62,000 ரூபா. “நூற்றுக்கு இருபத்து நான்குதான் வட்டி” என்று சொல்லப்படும். ஆனால் முதற் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகின்றது. வட்டியோ, முழுத் தொகையும் கடைசி நாள்வரை கடனாளியின் கையில் இருந்தது போலக் கணிக்கப்படுகின்றது. உண்மையில் மிஞ்சியிருக்கும் முதலுக்கு வட்டி பார்த்தால் அது ஆண்டுக்கு 45 வீதத்தையும் தாண்டும். இக் கணக்கைப் போட்டுப் பார்க்க எமக்கே எமது பாடசாலைக் கணித ஆசிரியரின் உதவி வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் இதை விளங்கிக்கொண்டுதான் சம்மதித்தாள் என்பது எவ்வாறு பொருந்தும்?

ஈடு வைக்க அவளிடம் நகையோ காணியோ இல்லை. அதற்குப் பதிலாக அயலிலுள்ள நான்கைந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்கின்றனர். ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். ஆகவே வசூலிப்பவர் உரத்துப் பேச வேண்டிய தேவையே இல்லை. அயலவளின் முகச்சுளிப்பே போதும். நன்மை தின்மைகளில் ஒருவருக்கொருவர் தோள்கொடுத்த உறவுதான் இங்கே ஈடாக வைக்கப்பட்டிருக்கின்றது. கடன் மூழ்கும்போது உறவும் சேர்ந்தே மூழ்குகின்றது.

கடன் கொடுப்போனின் கையைச் சட்டம் தடுக்கலாம் என்பது இந் நாட்டுக்குப் புதிய கருத்தன்று. அறவிடத்தக்க வட்டி முதலை விஞ்சலாகாது என்ற விதி 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலேயே இடம்பெற்றது. மிதமிஞ்சிய வட்டியுள்ள கடனை மீளத் திறந்து ஆராயும் அதிகாரத்தை 1918 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நீதிமன்றத்துக்கு அளித்தது. 1941 ஆம் ஆண்டின் சட்டத்தால் கடனிணக்கச் சபை தோன்றியது. அந்நிய ஆட்சியினர்கூட ஒப்பந்தத்துக்கு மேலே ஒரு நியாயம் உண்டென்பதை ஏற்றுக்கொண்டனர்.

பின்னர் 2016 இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. ஆனால் மக்களிடம் வைப்புப் பணம் பெறும் நிறுவனங்களையே அது அனுமதிப்பத்திரத்துக்குள் கொணர்ந்தது. கடன் மட்டும் கொடுப்போர் அதற்குப் புறம்பாக நின்றனர். 2018 இல் வறட்சியுற்ற 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடனைப் பெற்று, மூன்று மாதங்களுக்கு மேல் கட்டமுடியாதிருந்த பெண்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அவ்வாண்டு டிசெம்பரில், தனது மேற்பார்வைக்குட்பட்ட நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என மத்திய வங்கி உச்சவரம்பு இட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, வசூலிப்போரால் பெண்கள் படும் துன்புறுத்தலைப் பகிரங்கமாக எடுத்துரைத்தார். எனினும், 2021 மார்ச் 8 ஆந் திகதி, மாதர் தினத்தன்று, பொலனறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் வீதியோரம் அமர்ந்து சத்தியாக்கிரகம் தொடங்க வேண்டியிருந்தது. வன்னியிலுள்ள தமிழ்த் தாய்க்கும் ஹிங்குராக்கொடையிலுள்ள சிங்களத் தாய்க்கும் வட்டி ஒரே மொழியில்தான் பேசுகின்றது என்பதை இனத்தின் பெயரால் எம்மைப் பிரிப்போர் உணர்வார்களாக.

சட்டங்கள் இருந்தன, பெண்கள் வீதிக்கு வந்தார்கள். ஏன்? கடனாளி தன் வாக்கைத் தவறினால் ஏழு நாட்களுக்குள் அவள் படலையடிக்கு ஒருவர் வந்து நிற்கின்றார். கடன் கொடுத்தோர் சட்டத்தைத் தவறினால் அவர்கள் வாசலுக்கு யார் போகின்றார்? 1918 ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்கு நிவாரணம் தருகின்றது; ஆனால் அதைப் பெற அவள் நீதிமன்றம் ஏறவேண்டும், சட்டத்தரணியை அமர்த்தவேண்டும், கூலி இழக்கவேண்டும். அமுலாக்கும் ஆளில்லாத சட்டம் நடுநிலையானதன்று. வலியவனுக்கு அது தடையாகவில்லை. எளியவளுக்கு அது துணையாகவில்லை. ஆகவே அது வலியவன் பக்கமே நிற்கின்றது என்பதே எமது துணிபு.

வட்டியைக் கட்டுப்படுத்தினால் கம்பனிகள் போய்விடும், ஏழை மீண்டும் நாள்வட்டிக்காரனிடமே போவாள் என்பர் சிலர். இதில் உண்மை இல்லாமலில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் உச்சவரம்பு பற்றிய வர்த்தமானி எவருக்கும் மருந்து வாங்கித் தராது. ஆனால் இவ்வாதம் காட்டுவது கட்டுப்பாடு மட்டும் போதாது என்பதையே. கட்டுப்பாடு வேண்டாம் என்பதையன்று. 1911 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் ஐக்கிய நாணய சங்கங்கள் இந் நாட்டில் வளர்ந்தன. அங்கும் அயலவர் அயலவருக்குப் பிணை நின்றனர். ஆனால் வட்டி சங்கத்துக்கே திரும்பிற்று, கணக்கு எல்லோர் முன்னும் வாசிக்கப்பட்டது. பிணை ஒன்றுதான், ஒன்று உறவை வளர்த்தது, மற்றது உறவைத் தின்றது. அச் சங்கங்களுக்கு மீண்டும் உயிரூட்டுவதும், கடன் கொடுக்கும் ஒவ்வொருவரையும் சட்டத்தின் கண்காணிப்புக்குள் கொணர்வதும், கிராமத்துக்கே வந்து முறைப்பாடு கேட்கும் அதிகாரியை நியமிப்பதும் ஒரே பணியின் மூன்று பகுதிகளாகும்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது நாணயம் என்று நாம் இனியும் படிப்பிப்போம். ஆனால் நாணயம் கடனாளிக்கு மட்டும் விதிக்கப்பட்ட அறமாக இருக்க முடியாது. கொடுப்போனுக்கும் ஆள்வோனுக்கும், கேளாமலே தண்டித்த ஆசிரியருக்கும் அது உரியது. அம் மாணவியிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவள் தலைகுனிந்து சிரித்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவளுடைய இடம் வெறுமையாகவே இருந்தது.