தவறு யார் கணக்கில்?

1986 ஜனவரி 2. சிட்னி மைதானத்தில் சென்னை லெக் ஸ்பின்னர் எல். சிவராமகிருஷ்ணன் தன் கடைசி டெஸ்ட் ஆட்டத்துக்கு இறங்கினார். இரண்டு நாள் முன்புதான் அவருக்கு 20 வயது நிறைந்திருந்தது. அந்த வயதில் நம் பக்கத்துப் பையன்கள் மாவட்ட லீக்கில் ஒரு டீம் கிடைக்காதா என்று கிட் பேக்கை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். அவருக்கு டெஸ்ட் வாழ்க்கையே முடிந்துவிட்டது.

"சின்னப் பையனை அவசரப்பட்டு மேலே ஏற்றிக் கெடுத்துவிட்டார்கள்." நாற்பது ஆண்டாகச் சென்னையில் கிரிக்கெட் பேசுகிறவர்கள் சொல்லிவரும் தீர்ப்பு இது. எனக்கு இது முழுதாக ஒப்பவில்லை. கணக்கைப் பாருங்கள். 1981-82 ரஞ்சிப் பருவத்தில் டெல்லியை 28 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்துச் சுருட்டினார். 1983 ஏப்ரலில், 17 வயதில், ஆன்டிகுவாவில் முதல் டெஸ்ட். அதில் ஒரு விக்கெட்டும் விழவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்துப் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டாவது டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 6, இரண்டாவதில் 6. அடுத்த ஆட்டத்தில், டெல்லியில், முதல் இன்னிங்ஸிலேயே இன்னும் 6. 1985 மார்ச்சில் மெல்போர்னில் உலக சாம்பியன்ஷிப் இறுதியாட்டம். நன்றாக ஊன்றிவிட்ட ஜாவேத் மியாந்தாத்தைக் கிரீஸை விட்டு வெளியே இழுத்து ஸ்டம்பிங் ஆக்கினார். இத்தனையும் செய்தவனைத் தயாராகவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

பந்து தயாராகத்தான் இருந்தது. அதன் பிறகு வந்த சறுக்கலுக்குத்தான் யாரிடமும் ஏற்பாடு இல்லை. லெக் ஸ்பின் போடுகிறவனுக்குக் கை வராத மாதங்கள் வரும். கூக்ளி முன்கூட்டியே தெரிந்துவிடும், லெங்த் போய்விடும். அப்போது அவனைக் கொஞ்சம் இறக்கி, கூட நின்று, மறுபடி ஏற்றிவிட ஒரு ஆள் வேண்டும். மொத்தம் 9 டெஸ்டில் 26 விக்கெட் எடுத்தார். அவற்றில் 23 இங்கிலாந்துக்கு எதிரான அந்த ஒரே தொடரில் வந்தவை. தொடர் முடிந்தது, கை நழுவியது, பெயர் பட்டியலிலிருந்து போனது. 1987 உலகக் கோப்பையில் தலைகாட்டியதோடு சரி. தன் நிறத்துக்காகச் சொந்த நாட்டிலேயே வாழ்நாள் முழுதும் ஒதுக்கப்பட்டதாக 2021இல் அவரே வெளிப்படையாக எழுதினார். அந்தப் பதினேழு வயதிலும் அது கூடவே வந்திருக்கும். தேர்வுக் குழு பார்க்கிற தாளில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

நேர் எதிரான கதையும் சென்னையிலேயே இருக்கிறது, அதுவும் அதே லெக் ஸ்பின்னில். வி.வி. குமார் 1961இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடி, முதல் இன்னிங்ஸிலேயே 5 விக்கெட் எடுத்தார். மொத்தம் ஆடியது 2 டெஸ்ட். முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 599. நன்றாகப் பழுத்து, மரத்திலேயே விடப்பட்டவர். அவசரத்தில் கெட்டவரைப் பற்றி ஊரே பேசும். காத்திருந்தே காலம் போனவரைப் பற்றிப் பேச ஆள் குறைவு. அதனால்தான் "இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்" என்று சொல்கிறவருக்கு எப்போதும் விவேகி என்ற பெயர் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

கீழ் ஆட்டத்தில் எடுத்த விக்கெட், மேல் ஆட்டத்துக்கு முழு உத்தரவாதம் ஆகாது. மேலே போட்டுப் பார்த்தால்தான் தெரியும். போட்டுப் பார்ப்பதற்குள் உடைந்தும் போகலாம். இதைச் சுற்றிப் போக வழியில்லை.

வேகப்பந்துவீச்சில் இந்தச் சிக்கல் எலும்புக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. ஓடிவந்து முன்காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப்போலப் பல மடங்கு பாரம் கீழ்முதுகில் ஏறுகிறது. இடுப்புக்கு மேலேயுள்ள கடைசி முள்ளெலும்புகள் முழுதாக இறுகி முடிக்க இருபது வயதைத் தாண்டி இன்னும் சில ஆண்டு ஆகும். பதினெட்டு வயதுக்காரனை நாள் முழுக்க வீசவைப்பது, சென்ட்ரிங் பிரிக்காத தளத்தின்மேல் செங்கல் அடுக்குவது மாதிரி. விரிசல் முதலில் வலிக்கவும் செய்யாது. பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்கம் லேசாக ஒரு பிடிப்பு, அவ்வளவுதான். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல ஆண்டுகளாக இதற்கென்று வரம்பு வைத்திருந்தது: 13 வயதுக்கு உட்பட்டவன் ஒரு ஸ்பெல்லில் 5 ஓவருக்கு மேல் வீசக்கூடாது, ஒரு நாளில் 10க்கு மேல் கூடாது. நம்மிடமும் எக்ஸ்ரே உண்டு. 16 வயதுக்கு உட்பட்டோர் போட்டிக்குத் தேர்வாகும் பையன்களின் மணிக்கட்டைப் படமெடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறார்கள். வயதைக் குறைத்துச் சொல்லி நம்மை ஏமாற்றுகிறானா என்று கண்டுபிடிக்கத்தான். அவன் முதுகுக்குப் படமெடுப்பது பெரும்பாலும் வலி வந்த பிறகு.

சிவராமகிருஷ்ணனைப் போலவே அவசரமாக ஏற்றப்பட்ட இன்னொருவரை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் பாட் கம்மின்ஸ். 2011 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 18. அதற்கு முன் ஆடியிருந்த முதல்தர ஆட்டங்கள் மூன்றே மூன்று. இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட், வெற்றி ரன்னும் அவர் மட்டையிலிருந்து, ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. அதோடு உடம்பு விட்டுவிட்டது. முதுகில் மறுபடி மறுபடி விரிசல். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். இடையில் ஐந்து ஆண்டுக்கு மேல். ஆனால் அந்த ஐந்து ஆண்டும் அவரை யாரும் பட்டியலிலிருந்து கிழித்துப் போடவில்லை. வாரியம் விடாமல் காத்தது. பந்துவீசும் முறையை மாற்றிக்கொடுக்கப் பழைய வேகப்பந்து வீரர் டென்னிஸ் லில்லி வந்தார். லில்லிக்கு இது கேள்விப்பட்ட விஷயம் இல்லை. 1973இல் மேற்கிந்தியத் தீவுகளில் அவர் முதுகிலேயே விரிசல் விட்டு, படுத்து, முறையை மாற்றி எழுந்து வந்தவர். 1987இல் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்துக்காகச் சென்னை சேத்துப்பட்டில் அவர் பல ஆண்டு நம் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் இதே பாடத்தைத்தான். கம்மின்ஸ் பின்னாளில் கேப்டனாகி 2023இல் அகமதாபாத்தில் உலகக் கோப்பையைத் தூக்கியது நமக்கெல்லாம் மறக்காது. (மறக்க முயன்றோம்.)

சிவராமகிருஷ்ணன், கம்மின்ஸ் இரண்டு பேருமே அவசரமாகத்தான் ஏற்றப்பட்டார்கள்.

எப்போது ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்ற இந்த முடிவு அமெரிக்காவின் பேஸ்பாலில் ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. பந்து எறிகிறவனைப் பிட்சர் என்பார்கள். அவனுக்குப் போவது பெரும்பாலும் முழங்கை. கீழே பல படி லீக்குகள், மேலே ஒரே பெரிய லீக். 2010 ஜூன் 8 அன்று வாஷிங்டன் அணி ஸ்டீபன் ஸ்டிராஸ்பர்க் என்ற இளைஞனை மேலே கொண்டுவந்தது. முதல் ஆட்டத்திலேயே எதிரணி மட்டையாளர்களை 14 முறை ஸ்டிரைக் அவுட் செய்து வெளியேற்றினார். செப்டம்பருக்குள் முழங்கைத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை. 2011இல் திரும்பி வந்து, 2012இல் நன்றாக எறிந்துகொண்டிருந்தவரை, அணி செப்டம்பரில் நிறுத்திவிட்டது. இந்த ஆண்டு இவ்வளவு இன்னிங்ஸ் போதும் என்று முன்கூட்டியே போட்டிருந்த கணக்கு அது. அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிக வெற்றி பெற்ற அணி அதுதான். முன்னணிப் பிட்சரை உட்காரவைத்துவிட்டு நாக்-அவுட் சுற்றுக்குப் போய்த் தோற்றது. பத்திரிகைகள் கிழித்தன, ரசிகர்கள் திட்டினார்கள்.

அதே விளையாட்டில் வேறொரு பொறுமையும் உண்டு. பெரிய லீக்கில் ஆறு ஆண்டு முடித்துவிட்டால் வீரன் சுதந்திரமாக வேறு அணியோடு பேரம் பேசலாம். அதனால் முதல் ஆண்டில் இரண்டு மூன்று வாரம் கீழேயே வைத்திருந்தால் அணிக்கு இன்னும் ஓர் ஆண்டு மலிவாகக் கிடைக்கும். வெளியே சொல்வது என்னவோ "பக்குவப்படட்டும்" என்றுதான்.

நம் ஊருக்கு வருவோம். கோடை வந்தால் புதுப்பட்டினத்திலிருந்து கூவத்தூர் பக்கம் வரை ஈ.சி.ஆர். ஓரமெல்லாம் டென்னிஸ் பால் டோர்னமென்ட் பேனர்தான். இங்கே தேர்வுக் குழு இல்லை, வரம்பும் இல்லை. நன்றாகப் போடுகிற பையனை ஒரே நாளில் இரண்டு டீம் கெஸ்ட் பிளேயராக இழுத்துக்கொள்ளும். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு ஓவர்தானே என்பார்கள். ஆனால் ஒவ்வொரு பந்தும் முழு வேகம். இடையில் உடம்பு ஆறும், மறுபடி சூடேறும், மறுபடி ஆறும். போன கோடையில் அப்படி ஒருவனைப் பார்த்தேன். ஒல்லி. ஓடிவரும்போது தலை அசையவே இல்லை. அது கற்றுக்கொடுத்து வருவதில்லை. வலது ஷூவின் முனை மணலில் இழுபட்டு இழுபட்டுப் பிய்ந்து, கோணி ஊசியால் தைத்திருந்தது. ஓவர் முடிந்ததும் இடது இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"தம்பி, வலிக்குதா?"

"லேசாத்தாண்ணா. சூடு ஏறுனா சரியாப் பூடும். இன்னும் ரெண்டு மேட்ச் இருக்குது."

டீம் கேப்டன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவரும் கேட்டார், நானும் கேட்டேன். அடுத்த மேட்ச்சில் முதல் ஓவர் அவனுக்குத்தான் போனது.

இப்படிப்பட்ட டென்னிஸ் பால் ஆட்டத்திலிருந்துதான் டி. நடராஜன் மாதிரி ஒருவர் வருகிறார். சேலம் சின்னப்பம்பட்டியில் இருபது வயது வரை டென்னிஸ் பால். அப்புறம் சென்னை லீக். 2015இல் முதல் ரஞ்சி ஆட்டம் ஆடிய கையோடு பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்ற புகார். முறையை மாற்றி மறுபடி முதலிலிருந்து. நெட்ஸில் பந்து போடுவதற்காக ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போனார்கள். 2020 டிசம்பர் தொடங்கி 2021 ஜனவரிக்குள் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். வயது 29. தாமதமாக வந்தவர், எலும்பு இறுகியவர், பாதுகாப்பு என்று நினைப்போம். சில மாதத்தில் முழங்காலில் அறுவை சிகிச்சை. டெஸ்ட் அந்த ஒன்றோடு நின்றது.

ஸ்டிராஸ்பர்க் கதைக்கும் மிச்சம் இருக்கிறது. 2019இல் வாஷிங்டன் அணி பட்டம் வென்றது. இறுதித் தொடரின் சிறந்த வீரர் அவர்தான். அணியின் பொறுமை பலித்தது என்று எல்லோரும் எழுதினார்கள். உடனே 7 ஆண்டுக்கு 245 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அதன் பிறகு அவர் எறிந்தது எட்டே ஆட்டங்கள். உடம்பு அப்படியே ஓய்ந்துவிட்டது.

அப்படியானால் 2012இல் அவரைக் காத்தது வீணா? நான் அப்படிப் பார்க்கவில்லை. காத்தால் உடையாது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. பதினெட்டில் ஏற்றினாலும் உடையலாம், இருபத்தொன்பதில் ஏற்றினாலும் உடையலாம். சரியான நாள் எது என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு விடை கிடைக்கப்போவதில்லை. ஆனால் முடிவெடுக்கும் அன்றைக்கே தெரிந்துவிடுகிற விஷயம் ஒன்று உண்டு: கணக்குத் தப்பினால் அந்தத் தவறை யார் சுமப்பது. தேர்வாளருக்கு இந்தத் தொடர் வேண்டும், டீம் முதலாளிக்கு இந்தப் பருவம் வேண்டும், டோர்னமென்ட் கேப்டனுக்கு இன்று சாயங்காலம் கோப்பை வேண்டும். பையனுக்கும் வேண்டும்தான், அவனை விட அவசரக்காரன் யாரும் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் இன்று லாபம், நாளைய நஷ்டம் மட்டும் அவன் முதுகில். 2012இல் வாஷிங்டன் அணி செய்தது, நஷ்டத்தை அந்த இடத்திலேயே தன் பெயரில் எழுதிக்கொண்டது. கம்மின்ஸின் வாரியம் ஐந்து ஆண்டு அதைச் செய்தது. சிவராமகிருஷ்ணனுக்கு அப்படி எழுதிக்கொள்ள யாரும் வரவில்லை.

சதுரங்கத்தில் எலும்பு முறிவதில்லை. ஆனால் முறிவதற்கு வேறு இடம் இருக்கிறது. புதுப்பட்டினத்திலிருந்து அரை மணி நேரத் தூரத்தில், மாமல்லபுரம் பூஞ்சேரியில், 2022இல் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. போட்டி நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்குக் கூடுதல் அணி இறக்க அனுமதி. பெரும்பாலும் அனுபவசாலிகளை முதல் அணியிலும், பொடியன்களை, பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ் பொறுப்பில், இரண்டாவது அணியிலும் போட்டார்கள். தொலைநோக்கு என்று சொல்லமாட்டேன், விதி கொடுத்த வாய்ப்பு. 16 வயது குகேஷ் அதில் முதல் பலகை. தொடர்ந்து எட்டு ஆட்டம் வென்றார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவை வெல்லும் நிலையில் வைத்திருந்தார். டிரா செய்தாலே இந்தியாவின் இரண்டாவது அணி அந்தச் சுற்றை வென்றிருக்கும். டிரா வேண்டாம் என்று தள்ளி ஆடி, நேர நெருக்கடியில் குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்துத் தோற்றார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது.

ஐந்து பேர் கொண்ட அணியில் ஒருவருக்கு ஓய்வு கொடுக்கலாம். மறுநாள் காலை கடைசிச் சுற்று, எதிரே ஜெர்மனி. பதினாறு வயதுப் பையன், முந்தின நாள் அப்படித் தோற்றவன். அவனை உட்காரவைத்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆடவிட்டுத் தோற்றால் கேள்வி ரமேஷிடம்தான் வந்திருக்கும். கடைசிச் சுற்றுக்கான பட்டியலில் முதல் பலகைக்கு எதிரே குகேஷ் பெயரே இருந்தது. டிரா செய்தார், அணி 3-1 என்று வென்று வெண்கலம் வாங்கியது.

அன்றைக்கு அவனை ஆடவிட்டதும், ஸ்டிராஸ்பர்க்கை ஆடவிடாமல் நிறுத்தியதும் எனக்கு ஒரே காரியமாகத்தான் படுகிறது.