முதுகு வளரும், வயிறு வளராது

நுனியைக் கிள்ளினால் பக்கம் வெடிக்கும். துளசிக்கும் சாமந்திக்கும் எல்லா வீட்டிலும் செய்வதுதான். கிளையின் நுனிக் கொழுந்தில் ஊறும் ஆக்ஸின் கீழே இறங்கி, பக்க மொட்டுகளைத் தலையெடுக்க விடாமல் வைத்திருக்கிறது. கொழுந்து போனதும் அந்தக் கட்டு தளர்ந்து கணுக்களில் மொட்டு வெடிக்கிறது. அவற்றின் நுனியையும் எடுத்தால் இன்னும் நாலு. வருடக்கணக்கில் இப்படிக் கவாத்து செய்துகொண்டே வந்தால் காற்று புகாத பச்சைச் சுவர் ஒன்று கிடைக்கும். அதில் மயில், குடை, உருண்டை, சதுரங்கக் காய் என்று வெட்டி நிறுத்துவதற்கு டோப்பியரி என்று பெயர்.

அப்படி ஒரு செடியைப் பார்த்தால் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். நாலு விரல் கனத்துக்கு இலை. அதற்கு அப்பால் வெறும் குச்சி, சருகு, இருட்டு, சில சமயம் ஒரு தையல்சிட்டின் பழைய கூடு. உருவம் முழுவதும் அந்த நாலு விரல் தோலில்தான் இருக்கிறது.

*

எங்கள் ஊர்ப் பூங்காவில் மஞ்சள் டுரன்டாவில் வெட்டிய ஒரு யானை உண்டு. யானை என்று யாராவது சொன்னால்தான் யானை. அதைப் பார்த்துக்கொள்கிறவர் ஒப்பந்தக் கூலி. அதிகாலையில் வந்து, பழைய பிறந்தநாள் வாழ்த்து ஃபிளெக்ஸ் ஒன்றைச் செடியைச் சுற்றி விரித்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார். இலை உதிர உதிர, வாழ்த்தப்பட்டவரின் முகம் மூக்கு வரைக்கும் மூடிக்கொண்டு வரும்.

முதல் வெட்டு முதுகில்தான். ஏன் அங்கிருந்து என்று கேட்டேன்.

“வெயில் மேலேருந்துதானே தம்பி விழுது? மழைக்காலத்துல முதுகு வாரத்துக்கு ஒரு விரக்கடை ஏறிடும். வயிறு ஏறாது. நெழல்ல கெடக்குற எடம். அப்படியே விட்டா யானை ஒட்டகமாயிடும்.”

அதனால் முதுகைத் தாராளமாகவும் வயிற்றைக் கஞ்சத்தனமாகவும் வெட்டுகிறார். அடிப்பக்கம் சொட்டையாகிற இடத்தில், பக்கத்துக் கிளை ஒன்றை வளைத்துச் சணலால் தாழக் கட்டிவிடுகிறார். அது இலை போட்டு அந்த ஓட்டையை மூட ஒரு பருவம் ஆகும். வேலி வெட்டுகிறவர்கள் கூடவே ஒன்று சொல்வார்கள்: அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருக்க வேண்டும், தலை அகன்றால் அடிக்கு வெளிச்சம் போகாது, அடி காய்ந்துவிடும். யானைக்கு அந்த விதியைச் சொல்ல முடியுமா? அதன் உடம்பே மேலே பருத்து, கீழே நாலு கால். செடிக்குக் கொஞ்சமும் ஒத்துவராத உருவத்தைத்தான் நாம் எல்லாப் பூங்காவிலும் வெட்டி வைத்திருக்கிறோம்.

“தும்பிக்கை சிரமமா அண்ணே?”

“தும்பிக்கை என்ன, ஒரு கம்பியக் குடுத்தா அது பாட்டுக்கு வந்துரும். காதுதான் அடங்காது. மெல்லிசா வெட்டினா காயுது, தடிமனா விட்டா காதா இல்ல, கன்னமாயிடுது.”

பக்கத்தில் ஒரு கோழி நிற்கிறது. முன்பு அது மயில். அதை வெட்டிய பெரியவர் வேலையை விட்டுப் போனபின் சில மாதம் யாரும் கவனிக்கவில்லை. தோகைப் பக்கம் காய்ந்துபோனது. இவர் வந்து, மிச்சமிருந்த பச்சையில் எது வருமோ அதை வெட்டினார். பூங்காவுக்கு வரும் பிள்ளைகள் அதை டைனோசர் என்கிறார்கள். அவருக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

*

ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கு இந்தக் கலை அறவே பிடிக்காது. 1713இல் ‘கார்டியன்’ இதழில் ஒரு கேலிக் கட்டுரை எழுதினார். ஊர்த் தோட்டக்காரர் ஒருவர் விற்பனைக்கு வைத்திருக்கும் செடி உருவங்களின் பட்டியல் அது. யூ மரத்தில் வெட்டிய ஆதாமும் ஏவாளும் அதில் உண்டு. புயலில் மரம் விழுந்து ஆதாமுக்குச் சேதம், ஏவாளும் பாம்பும் செழிப்பாக இருக்கிறார்கள். பாக்ஸ் செடியில் ஒரு புனித ஜார்ஜ். டிராகனைக் குத்த இப்போதைக்குக் கை நீளம் போதாது, வரும் ஏப்ரலில் எட்டிவிடும்.

கேலி செய்ய வந்தவர் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. கை எட்டுவதற்காகக் காத்திருக்கும் வீரனை வேறு எந்தச் சிற்பத்தில் பார்க்க முடியும்? ஏப்ரல் தாண்டினால் அந்தக் கை டிராகனையும் தாண்டிப் போகும் என்பதையும் அவர் சேர்த்திருக்கலாம்.

அவரைப் போன்றவர்கள்தான் ஜெயித்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தின் பெரிய வீடுகள் பலவற்றில் வெட்டு உருவங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இயற்கை போலவே தோன்றும் புல்வெளியும் ஏரியும் போட்டார்கள். வடமேற்கே கம்ப்ரியாவில் உள்ள லெவன்ஸ் ஹால் தப்பித்த ஒன்று. இரண்டாம் ஜேம்ஸ் மன்னரிடம் வேலை பார்த்த கியோம் போமோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1694இல் தொடங்கிய தோட்டம். மன்னர் நாட்டை விட்டு ஓடிய பிறகு, மன்னரின் ஆளாக இருந்த கர்னல் ஜேம்ஸ் கிரகாமுக்காக அதைப் போட்டார். இன்று நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் அங்கே நிற்கின்றன. இலையுதிர் காலத்தில் கத்தரி எடுத்தால் முடிக்க மாதக்கணக்காகும்.

படங்களில் பார்த்தால் அவை எதுவும் நேராக இல்லை. ஒன்று உப்பியிருக்கிறது, ஒன்று சாய்ந்திருக்கிறது, ஒன்று பக்கத்துக்காரர் மேல் தோளைப் போட்டிருக்கிறது. ‘நீதிபதியின் டோப்பா’ என்று ஒரு பெரிய உருவம். ஒவ்வொரு வருடமும் முந்தைய வெட்டுக்கு ஒரு மயிரிழை வெளியே வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், முந்நூறு வருடத்தில் கூம்பு கூம்பாக இருக்காது. இந்தக் கோணல்தான் லெவன்ஸின் அழகு. 1694இன் அளவுகோலோடு போய் அதை நிமிர்த்த யாரும் முனையாமல் இருக்க வேண்டும்.

(யூ மரத்தின் இலை மாட்டுக்கும் குதிரைக்கும் விஷம். ஆனால் அந்த வருடத்து இளந்துளிர்களை மட்டும் தனியாகச் சேர்த்து, டோசிடாக்செல் என்னும் புற்றுநோய் மருந்து தயாரிக்க அனுப்பியதும் உண்டு. வேலி வெட்டிய குப்பையிலிருந்து மருந்து.)

*

ரோமானியரான இளைய பிளினி கி.பி. 100ஐ ஒட்டித் தன் டஸ்கன் மாளிகையைப் பற்றி நண்பருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் பாக்ஸ் செடிகள் வருகின்றன. விலங்குகளாகவும், சில இடங்களில் எழுத்துகளாகவும் வெட்டியிருந்தார்கள். எழுத்துகள் சொன்னது முதலாளியின் பெயரை. சில இடங்களில் தோட்டக் கலைஞனின் பெயரையும். அந்தக் காலத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள். செடியில் பெயர் எழுத இடம் கிடைத்த அந்த மனிதனின் பெயரைப் பிளினி கடிதத்தில் எழுதவில்லை. செடி எப்போதோ போய்விட்டது.

*

சைப்ரஸ் வேறு ஜாதி. யூ மரத்தைக் கட்டை வரைக்கும் வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும், சைப்ரஸ் அப்படியில்லை. பச்சையைத் தாண்டிப் பழுப்புக் கட்டையில் கத்தரி பட்டால் அந்த இடம் வழுக்கைதான். வெட்டாமல் விட்டாலும் வம்பு, பழைய கோட்டுக்குத் திரும்ப முடியாது. பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே உள்ள அந்த மெல்லிய அடுக்குக்குள்ளேயே ஆயுள் முழுக்க வேலை செய்ய வேண்டும்.

ஈக்வடாரில், கொலம்பிய எல்லையை ஒட்டிய துல்கான் என்ற மலை ஊரின் கல்லறைத் தோட்டத்தை 1936 முதல் ஒரு மனிதர் இப்படி வெட்டினார். ஹோசே மரியா அசாயேல் பிராங்கோ. இறந்தவர்களுக்கு நடுவே சைப்ரஸ் சுவர்கள், வளைவுகள், முகங்கள், பறவைகள், எகிப்திய உருவங்கள், பழைய அமெரிக்க இனங்களின் உருவங்கள். 1984இல் அரசு அதைத் தேசியப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவரையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். கத்தரி அவருடைய மகன்களின் கைக்குப் போனது.

அமெரிக்காவில் தென் கரோலினாவின் பிஷப்வில்லில் பேர்ல் ஃபிரையர் ஆரம்பித்தது வேறு காரணத்தால். குத்தகை விவசாயியின் மகன், டப்பா தயாரிக்கும் ஆலையில் வேலை. வீடு தேடியபோது, கறுப்பர்கள் முற்றத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற பேச்சு காதில் விழுந்தது. 1980களின் தொடக்கத்தில், ‘இந்த மாதத்தின் சிறந்த முற்றம்’ என்ற ஊர்ப் பரிசை வாங்கியே தீருவது என்று இறங்கினார். பக்கத்து நர்சரி குப்பையில் போட்ட, பாதி செத்த செடிகளைத் தூக்கி வந்து நட்டார். அந்த நர்சரியில் யாரோ சில நிமிடம் வெட்டிக் காட்டியதுதான் அவருக்குக் கிடைத்த பயிற்சி. ஆலை ஷிப்ட் முடிந்து வந்து, இரவில் விளக்குப் போட்டு, ஏணியில் ஏறி வெட்டினார். பரிசு கிடைத்த பிறகும் நிறுத்தவில்லை. மூன்று ஏக்கர் நிறைந்தது.

அவருடைய மரங்களில் யானை, மயில் எதுவும் அதிகம் கிடையாது. வளையம், சுருள், சதுரத் தலை. வரைபடமோ கம்பிச் சட்டமோ வைத்து ஆரம்பித்தவர் இல்லை. செடி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கொஞ்சம் கூட்டிக்கொண்டு போனார். பார்த்தவுடன் அவர் கை என்று தெரிந்துவிடும். ‘எ மேன் நேம்டு பேர்ல்’ என்ற ஆவணப்படம் 2006இல் வந்தது. கிடைத்தால் பாருங்கள், அவர் ஏணியில் நிற்கும் காட்சிகளுக்காகவாவது.

*

பாங்காக்கில் வேலை பார்க்கும் அத்தை மகன் பாங் பா-இன் அரண்மனைக்கு அழைத்துப் போனான். நகரிலிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டர் இருக்கும். புல்வெளியில் பெரிதும் சிறிதுமாகப் பச்சை யானைகள். கச்சிதமான காதுகள்! எங்கள் பூங்கா அண்ணனை நினைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அங்கேயும் வயிற்றுக்கு அடியில் இலை கொஞ்சம் மெலிவுதான்.

ஆனால் என்னை நிறுத்தியது யானைகள் அல்ல. பாங்காக்குக்குத் திரும்பிப் பார்த்த பெரிய அரண்மனையின் முற்றத்தில் வேறொரு வகை மரங்கள் உண்டு. தண்டு வளைந்து நெளிந்து போகும். ஒவ்வொரு கிளை நுனியிலும் மட்டும் உருண்டை உருண்டையாக இலை. தாய்லாந்தில் ‘மாய் தத்’ என்பார்கள். அதற்கு அவர்கள் அதிகம் எடுத்துக்கொள்வது ‘கோய்’ என்ற மரம். அதன் பட்டையிலிருந்து காகிதம் செய்து, மடிப்பு மடிப்பாக ஓலைச்சுவடி நீளத்துக்கு நூல்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இலையைத் தொட்டேன். உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. எங்கேயோ தொட்ட இலை.

ஊர் திரும்பித் தேடியபோது விஷயம் தெரிந்தது. நம்முடைய பராய் மரம். எங்கள் திருச்சிக்கு மேற்கே, கரூர் சாலையில், காவிரித் தென்கரையில் இருக்கும் திருப்பராய்த்துறையின் தலமரம் அது. ஊருக்கே அதன் பெயர். இந்த இலையால் மரச்சாமானும் தந்தமும் மெருகேற்றியிருக்கிறார்கள். குச்சியில் பல் விளக்கியிருக்கிறார்கள்.

அடுத்த வாரமே போய்ப் பார்த்தேன். தலமரத்தில் கத்தரி வைக்க யாருக்கும் மனம் வராது. அது தன் போக்கில் கிளை விட்டு நிற்கிறது. பராய் மஞ்சளாகச் சின்னப் பழம் பழுக்கும், பறவைகள் தின்னும். நுனியை ஓயாமல் வெட்டிக்கொண்டிருந்தால் பூவுக்கும் பழத்துக்கும் ஏது இடம்? எங்கள் பூங்கா யானையும் பூத்ததில்லை. காம்பவுண்டுச் சுவரோரம் வெட்டாமல் விட்ட டுரன்டா ஊதாப் பூவும் ஆரஞ்சுக் காயுமாகத் தொங்குகிறது, வண்ணத்துப்பூச்சிகள் எல்லாம் அங்கேதான். டோப்பியரிக்கு நாம் கொடுக்கும் விலை இது. சின்ன விலை இல்லை.

மாடியில் இரண்டு தொட்டி இட்லிப்பூ வைத்திருக்கிறேன். ஒன்றை உருண்டையாக வெட்டுகிறேன். “பூக்குற செடியைப் போய் மொட்டையடிச்சு வச்சிருக்கியே” என்கிறார் அம்மா. இன்னொன்று அம்மாவுக்கு, சாமிக்கு. இதில் ஒப்பந்தம் மாறாது.

*

கல்யாண மண்டபங்களிலும் ஹோட்டல் வரவேற்பறைகளிலும் இப்போது பிளாஸ்டிக் இலை உருண்டைகள் வந்துவிட்டன. தூரத்திலிருந்து பார்த்தால் அசல்போலவே இருக்கும். முதுகும் வயிறும் ஒரே அளவு. அவற்றின் மேல் தூசி மட்டும்தான் வளரும். இந்த உருண்டையை வாங்கும் மண்டபத்துக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன், ஆள் வைத்து வெட்ட இன்று செலவாகும். ஆனால் அதைத் தோட்டம் என்று கணக்கில் சேர்க்கக் கூடாது.

கம்பிக் கூண்டில் கொடியை ஏற்றி யானை செய்வதையும் நான் அரை மனதாகத்தான் ஒப்புக்கொள்கிறேன். அங்கே கம்பி முன்பே முடிவு செய்துவிடுகிறது. வெட்டுகிறவர் கம்பிக்கு வெளியே வருவதை ஒதுக்குகிறார், அவ்வளவுதான். கம்பிக் கூண்டில்லாத யானையில் எது எல்லை என்பது அந்த மனிதரின் கண்ணில் மட்டும் இருக்கிறது. அவருக்கு ஒரு மாதம் காய்ச்சல் வந்தால் யானைக்கும் வரும்.

*

எங்கள் ஊர்ப் பூங்காவுக்கு வருவதானால் குடியரசு தினத்தை ஒட்டி வராதீர்கள். அதிகாரிகள் வருவார்கள் என்று எல்லாவற்றையும் ஒட்ட வெட்டி வைத்திருப்பார்கள். கார்த்திகையில் மழை ஓய்ந்ததும் வாருங்கள். வெட்டி மூன்று வாரம் ஆன சமயமாக இருந்தால் இன்னும் நல்லது. உருவமும் கலையாமல், முதுகு முழுக்கப் புதுத் துளிரும் இருக்கும். காலை ஆறரைக்கு அண்ணன் அங்கே இருப்பார், காதைப் பற்றிக் கேளுங்கள்.