தலைக்கு ஊற்றிய தண்ணீர்



எனக்கு ஏழு வயதில் அம்மை போட்டது. வாசலில் வேப்பங்கொத்து செருகிவிட்டார்கள். கூட விளையாடும் பிள்ளைகள் ஒருவரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கொப்புளம் காய்ந்து பொருக்கெல்லாம் உதிர்ந்த பிறகும் அம்மா என்னைப் படி தாண்ட விடவில்லை. "இன்னும் தலைக்குத் தண்ணி ஊத்தலையே" என்பார். ஒரு நாள் காலையில் ஆச்சி முற்றத்தில் அண்டா நிறையத் தண்ணீர் பிடித்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்தார். உச்சிப்பொழுதில் அந்த இளஞ்சூட்டுத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக என் தலையில் ஊற்றினார். வேப்பிலை ஒன்று காதோரம் ஒட்டிக்கொண்டது இப்போதும் நினைவிருக்கிறது. நாள் விட்டு நாள் இப்படி மூன்று தண்ணீர். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா, "டேய், இங்க வா" என்று கூப்பிட்டு, அவித்த பயறு ஒரு கிண்ணம் கையில் கொடுத்தார்.

என் உடம்பு தேறியது ஒரு நாள். நான் தெருவுக்குத் திரும்பியது வேறொரு நாள்.

இன்றைய நற்செய்தியில் இயேசு தொழுநோயாளி ஒருவனைக் கை நீட்டித் தொடுகிறார். தொட்டவருக்கும் தீட்டு என்றிருந்த காலம் அது. தொட்டதும் நோய் நீங்கிவிட்டது. அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாமே? குருவிடம் போய்க் காட்டு, மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்து, அது அவர்களுக்குச் சான்றாக இருக்கட்டும் என்கிறார். அவன் குணமானதில் குறை எதுவும் இல்லை. ஊருக்குத்தான் அவனைத் திரும்ப ஏற்க ஒரு வழி வேண்டியிருந்தது.

மோசேயின் கட்டளை லேவியர் நூல் 14ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீட்டில் எடுத்து வாசியுங்கள். குருதான் பாளையத்துக்கு வெளியே வரவேண்டும். விலக்கப்பட்டவன் உள்ளே வந்து கெஞ்சவேண்டியதில்லை. இரண்டு பறவைகள், கேதுருக் கட்டை, கருஞ்சிவப்பு நூல், ஈசோப்பு. ஒரு பறவையை ஊற்றுநீரின்மேல் கொன்று, அந்த இரத்தத்தில் மற்றதைத் தோய்த்து, வெட்டவெளியில் பறக்க விடுகிறார்கள். அவன் துணிகளைத் துவைத்து, முடியெல்லாம் மழித்து, குளிக்கிறான். எட்டாம் நாள் வலது காது மடலிலும் வலது கைப் பெருவிரலிலும் வலது கால் பெருவிரலிலும் முதலில் இரத்தமும் பிறகு எண்ணெயும் பூசுகிறார்கள். ஆரோனைக் குருவாக அருள்பொழிவு செய்தபோது இரத்தம் பூசிய அதே மூன்று இடங்கள்! நேற்றுவரை ஊரே ஒதுக்கிவைத்த மனிதனுக்குத் தலைமைக் குருவுக்கு இட்ட அடையாளம். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

சென்ற ஞாயிறு, பிப்ரவரி 4, நம் புனித அருளானந்தரின் திருநாள். அவர் உயிர்விட்ட ஓரியூருக்குப் போய் அங்குள்ள செம்மண்ணைத் தாளில் மடித்துக் கொண்டுவந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 1647இல் லிஸ்பனில் பிறந்த அவர், சிறுவயதில் சாகக் கிடந்தார். பிள்ளை பிழைத்தால் இயேசு சபை உடுப்பை ஓராண்டு அவனுக்கு உடுத்துவேன் என்று அவர் தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. லிஸ்பன் அரண்மனையில் பட்டுடுத்திய பிள்ளைகளுக்கு நடுவே அந்தச் சிறுவன் ஓராண்டு அங்கியோடு திரிந்தான். நேர்ச்சை முடிந்து உடுப்பைக் கழற்றியாயிற்று. ஆனால் அது அவனை விடவில்லை. 15 வயதில் அதே சபையில் சேர்ந்தார். பிறகு நம் மண்ணுக்கு வந்து பண்டாரசாமிகளின் காவி உடுத்தினார்.

மறவர் சீமையில் தடியத்தேவர் என்ற தலைவர் தீராத நோயில் படுத்திருந்தார். அருளானந்தர் அனுப்பிய உபதேசியார் ஒருவர் அவருக்காக நற்செய்தி வாசித்து மன்றாட, நோய் நீங்கியது. தேவர் திருமுழுக்குக் கேட்டார். மனைவியர் பலர் இருந்தனர். ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் சாமி. அவரும் சம்மதித்து, 1693 ஜனவரி 6 அன்று திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். முறையீடு அரண்மனைக்குப் போனது. ஒரு மாதம் முடிவதற்குள் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டுண்டு விழுந்தது.

அந்தப் பெண்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. அவர்கள் செய்த தப்பு என்ன? நாம் மனம் திரும்பும்போது அதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்று பார்க்கத்தான் வேண்டும்.

இப்போது நம் மம்சாபுரத்துக்கு வருகிறேன். குடியை விட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். விட முயல்கிறவர்கள் அதைவிட அதிகம். வேளாங்கண்ணிக்கு நடந்துபோய், மொட்டை போட்டு, டாஸ்மாக் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று மாதாவிடம் சொல்லிவிட்டு வருகிறான் ஒருவன். மறுநாள் டீக்கடையில் அவன் தலையைப் பார்த்துச் சிரித்து, "எத்தன நாளைக்கு?" என்று கேட்கிறோம். முடி முளைக்கும் வரைக்குமா என்கிறோம். இது பாவம், மக்களே. அவன் தன் மாற்றத்தைத் தலையில் சுமந்துகொண்டு உங்கள் முன் வந்து நிற்கிறான். எதிர்வீட்டு அக்காவாக நீங்கள் இருந்திருக்க வேண்டிய இடம் அது.

மொட்டை போட்ட தம்பிக்கும் ஒன்று சொல்கிறேன். அதே லேவியர் 14இல், பாளையத்துக்குள் வந்தவன் தன் கூடாரத்துக்கு வெளியே ஏழு நாள் தங்கவேண்டும் என்றிருக்கிறது. ஊருக்குள் வந்துவிட்டான், ஆனால் வீட்டுக்குள் இன்னும் இல்லை. மொட்டையைக் காட்டி, "இனிமே என்ன, மன்னிச்சிட வேண்டியதுதான?" என்று மனைவியை அவசரப்படுத்தாதே. எத்தனை ராத்திரி உனக்குப் பயந்து பிள்ளைகளை அணைத்துக்கொண்டு விழித்திருந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். திண்ணையில் காத்திரு.

சிலர் நினைக்கிறார்கள், செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, இனி எல்லாம் தானாக நடக்கும் என்று. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகளில் நெய்கிறார்களே கட்டுத்துணி, அது புண்ணை ஆற்றுவதில்லை. ஆறும் வரைக்கும் தூசு படாமல் காக்கிறது. நேர்ச்சையும் மொட்டையும் அப்படித்தான். புதிதாக முளைத்த மனமாற்றத்துக்குக் காவல் வேண்டும். ஆற்றுகிறவர் ஆண்டவர். அவர் மருத்துவர் கையாலும் ஆற்றுகிறார். ஓரியூர் மண்ணை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

வரும் புதன் திருநீற்றுப் புதன். சிலுவைப் படத்துக்குப் பின்னால் செருகி, அடுப்புப் புகையில் கறுத்துக் கிடக்கும் போன வருடக் குருத்தோலையைச் செவ்வாய் சாயங்காலத்துக்குள் கொண்டுவாருங்கள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் இரண்டு ஓலையையும் ஒரே தட்டில் போடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகி உங்கள் இருவர் நெற்றிக்கும் வரட்டும்.

இன்று லூர்து அன்னை திருநாள், உலக நோயாளர் நாள். மறையுரை முடிந்ததும் நோயில்பூசுதல் தருகிறேன். நம் பெரியவர்களுக்கு இது இன்னும் "அவஸ்தைப்பூசுதல்" தான். சாமி எண்ணெயோடு படியேறினால் ஆள் போய்விடும் என்ற பயம். சாகிறவர்களுக்கு மட்டும் உரியதல்ல இது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே சொல்லிவிட்டது. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருப்பவர்கள், முதுமையில் தளர்ந்தவர்கள், கடுமையான நோயில் இருப்பவர்கள் எல்லாரும் வரலாம். நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் பூசுவேன். நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்திருங்கள், நான் வருகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள் தோளில் கை வையுங்கள். எண்ணெயை உடனே துடைத்துவிடாதீர்கள்; அதோடு வீட்டுக்குப் போங்கள், தெருவில் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.